லட்சுமிக்கு ஏன் காய்ச்சல் வரவில்லை

அன்புள்ள கயல்விழிக்கு,

வைரஸுக்குத் துணைபோகும் மரபணுக்களைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு தேடும் வேலையை நீ தொடங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னதிலிருந்து, 2006இல் நம் வீடே சிக்குன்குனியாவில் படுத்துக் கிடந்த நாட்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. விரல்களை மடக்க முடியாமல், நம் பசு லட்சுமியின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் சொம்போடு நான் எழுந்து வந்ததும், பக்கத்து வீட்டுச் சித்தி பால் கறந்து கொடுத்ததும் உனக்கும் நினைவிருக்கும். நாமெல்லாம் திண்ணையில் கூனிக் கிடந்தபோது அவள் மட்டும் தொழுவத்தில் நிம்மதியாக அசைபோட்டுக் கொண்டிருந்தாள். உயிரியல் ஆசிரியையாக இருந்தும் ஏனென்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டைமண்ட் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வை அண்மையில்தான் படித்தேன். எலியின் செல்களில் செல்லுக்கு ஒரு மரபணு என்ற கணக்கில் வெட்டிவிட்டு, சிக்குன்குனியா வைரஸை அவற்றின்மீது விட்டு, தொற்றாமல் தப்பிய செல்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் எந்த வழிகாட்டி ஆர்.என்.ஏ. (எந்த மரபணுவை வெட்ட வேண்டும் என்று கிரிஸ்பருக்குக் காட்டும் துணுக்கு) இருந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அப்படித்தான் எம்எக்ஸ்ஆர்ஏ8 என்ற புரதம் அகப்பட்டது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அதைப் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது.

வகுப்பாக இருந்தால் இதைப் பெயர் எழுதாத ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த விளக்கு அணைகிறது என்று பார்ப்பதைப் போல என்று விளக்கியிருப்பேன். மெயினையே பிடுங்கினால் வீடு முழுவதும் இருண்டுவிடும். செல் உயிரோடிருக்க இன்றியமையாத மரபணுக்கள் உன் தேடலில் கிடைக்கும் பட்டியலில் வராமல் போவது அதனால்தான். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கினாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று பார்க்கும் மரபணுக்களும் அப்படித்தான் தப்பிவிடும். எம்எக்ஸ்ஆர்ஏ8 இல்லாத எலிகளிலும் தொற்று குறைந்ததே தவிர அறவே நிற்கவில்லை என்பதால், அந்த வைரஸுக்கு வேறு வாசலும் இருக்க வேண்டும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2020இல் வந்த ஆய்வு. மனிதர், நாய், குதிரை, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றின் எம்எக்ஸ்ஆர்ஏ8 வைரஸை உள்ளே விடுகிறது, மாட்டினுடையது விடுவதில்லை. மாட்டின் புரதத்தில் கூடுதலாக 15 அமினோ அமிலங்கள் செருகப்பட்டிருப்பதால் வைரஸால் அதைப் பற்ற முடிவதில்லை. நம் ஊர்த் திமில் மாடுகளிலும் அதே செருகல் இருக்கிறது. அது ஏற்பட்டுக் குறைந்தது 50 லட்சம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்கிறார்கள். அதையே எலியின் புரதத்தில் சேர்த்தபோது எலிக்கும் நோயின் கடுமை குறைந்திருக்கிறது. லட்சுமி தப்பியதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன்; கொசு அவளைக் கடித்ததா என்பதே எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றைக் கவனி: மாடு அந்த மரபணுவை இழந்துவிடவில்லை. வைரஸ் பிடிக்கும் இடத்தை மட்டும் மறைத்துக்கொண்டு புரதத்தை வைத்திருக்கிறது. வைரஸுக்காக அந்த மரபணு உண்டாகவில்லையே. உடம்பில் அதற்கென்று ஒரு வேலை இருக்கும். எனவே உன் பட்டியலில் முதலில் வரும் மரபணுவை எப்படி அழிப்பது என்று யோசிப்பதற்கு முன், அது உண்டாக்கும் புரதம் மாட்டிலும் ஆட்டிலும் வௌவாலிலும் எந்த வடிவில் இருக்கிறது என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்.

பட்டியல் வந்ததும் எனக்கு எழுது. பெயர்களை வெளியே சொல்லக் கூடாதென்றால், அவற்றில் எத்தனை செல்லின் மேற்பரப்பில் இருப்பவை என்பதை மட்டுமாவது சொல்.

அன்புடன்,
அம்மா