ஜூலையும் ஆகஸ்டும் எங்கே?

புரூக்ளின்
ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? அன்று போனில் நீங்கள் கேட்டபோது வார்டில் இருந்தேன், சரியாகப் பேச முடியவில்லை. "பாஸ்டன்ல அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது, ஏம்மா பேர் தெரியாத இடத்துக்குப் போறே?" சித்தப்பாவும் இதையே கேட்டாராம். அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் பாஸ்டன் ஆஸ்பத்திரி, மசாசூசெட்ஸ் ஜெனரல், பெரிய இடம்தான். 1846-லேயே ஈதர் மயக்கம் கொடுத்து ஊரறிய ஆபரேஷன் செய்து காட்டிய ஆஸ்பத்திரி. ஆனால் என் கணக்கு வேறு.

மருத்துவப் படிப்பின் நான்காம் வருடம் எங்கே எலெக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் வார்டுப் பயிற்சி, செய்வது என்பது பெரும்பாலும் நம் விருப்பம். ஒவ்வொன்றும் நாலு வாரம். பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே சர்ஜரி பயிலும் ரெசிடென்சிக்கு விண்ணப்பம் செப்டம்பரில் போய்விடும். அதற்குள் சர்ஜன்களின் சிபாரிசுக் கடிதம் சேர்ந்தாக வேண்டும். இங்கே டாக்டர் லைசென்ஸுக்கு எழுதும் பரீட்சைகளில் முதலாவதான ஸ்டெப் ஒன்னில் 2022-லிருந்து மார்க் கிடையாது, பாஸா ஃபெயிலா என்பதோடு சரி. கரீபியன் தீவான கிரெனடாவில் படித்த என்னை யாரென்று காட்ட, அடுத்த பரீட்சையான ஸ்டெப் டூ மார்க்கையும் அந்தக் கடிதங்களையும் விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால்தான் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்துக்கு இத்தனை யோசனை.

பெயர்பெற்ற இடங்களில் ரெசிடென்சி முடித்து மேலே பயிலும் பெல்லோ, சீனியர் ரெசிடென்ட், அவர்களுடைய சொந்த மாணவர்கள் எல்லாம் நின்றது போக, கடைசியில்தான் நமக்கு டேபிள் அருகே இடம். மாதம் முடிந்தாலும் சர்ஜனுக்கு நம் முகம் பதியாது. அவர் எழுதித் தந்தாலும், "நேரத்துக்கு வந்தாள், நல்ல பெண்" என்றுதான் எழுதுவார். அதை வைத்து யார் கத்தியைக் கையில் கொடுப்பார்கள்?

நான் முதலில் பார்ப்பது ரெசிடென்ட்களின் படங்களை. ஒவ்வொருவரும் எங்கே படித்தார்கள் என்று கீழே போட்டிருக்கும். வெளிநாட்டுக் கல்லூரிக்காரர் இருந்தால், அவருக்கு ஐந்து வருடப் பயிற்சியை முழுதாகத் தரும் கேட்டகாரிக்கல் இடமா, ஒரு வருடத்தோடு முடியும் பிரிலிமினரி இடமா என்று பார்ப்பேன். நம்மைப் போன்றவர்களைப் பிரிலிமினரியில் மட்டும் எடுக்கும் இடங்கள் உண்டு. வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வரும் ஜே-1 விசாவுக்கு ஒத்துக்கொள்வார்களா என்பதும் முக்கியம். இத்தனையும் பார்த்துத்தான் நியூஜெர்சி ஆஸ்பத்திரிக்கு ஜூலையில் சப்-இன்டர்னாக, அதாவது முதல் வருட ரெசிடென்ட் போல வேலை செய்து பழகும் மாணவியாக, போகிறேன். ஆகஸ்டில் அங்கேயே சர்ஜிகல் ஐ.சி.யு. ஒரே ஆட்கள் இரண்டு மாதம் என் வேலையைப் பார்ப்பார்கள்.

இப்போதே சர்ஜரி வார்டில் விடியுமுன் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடுகிறது. ஆபரேஷன் இடத்தில் வைத்த வடிகுழாயில் எவ்வளவு வந்தது, சிறுநீர் எவ்வளவு, காய்ச்சல் உண்டா என்று எழுதிக்கொண்டு, வயிற்று ஆபரேஷன் ஆன ஒவ்வொருவரிடமும் "காற்று பிரிந்ததா?" என்று கேட்க வேண்டும். அம்மா சிரிப்பாள், ஆனால் குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு அதுதான் நல்ல அடையாளம். போன வாரம் பித்தப்பை ஆபரேஷனில் கேமரா பிடித்தேன். முடிவில் தொப்புள் அருகே இருந்த துளையை மூடச் சொல்லி ஊசியை என்னிடம் தந்தார் சர்ஜன். தோலுக்குள்ளேயே ஓடும் தையல், வெளியே நூல் தெரியக் கூடாது. நான் போட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். எனக்கு வேண்டியது அப்படி நின்று பார்க்கும் ஆள்தான் அப்பா.

நவம்பரில் ரெசிடென்சி இன்டர்வியூக்கள் இருக்கும் என்று, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி போட்டிருக்கிறேன். சாப்பாடு, குளிர் எல்லாம் பழகிவிட்டது; வீட்டு வாடகை மட்டும் பழகவில்லை.

எந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி கிடைத்தது என்ற முடிவு அடுத்த மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை. பட்டம் அதற்கும் பிறகுதான். அதனால் அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் போட வேண்டாம். சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அச்சுக்குக் கொடுத்துவிடப் போகிறார்.

அன்புடன்,
கவிதா