சித்தப்பா இல்லாத பிள்ளைகளுக்காக ஒரு மடல்

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் அறிவியல் துறைகளை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

1928ஆம் ஆண்டுக் கோடையில், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவருடைய சித்தப்பா ஆய்வகம் நடத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா சி. வி. ராமன். ராமன் விளைவு வெளிப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம். மாணவர் எஸ். சந்திரசேகர். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 1983இல் நோபல் பரிசு வந்தது.

அந்தக் கோடை இல்லாவிட்டாலும் சந்திரசேகர் பெரிய ஆளாகத்தான் வந்திருப்பார். ஆனால் ஆராய்ச்சி செய்கிறவர்களின் நடுவே ஒரு கோடை முழுக்க உட்கார அவருக்கு ஒரு சித்தப்பா இருந்தார். என்னோடு பி.எஸ்சி. படித்த நாற்பது பேரில் ஒருவருக்கும் அப்படி ஒரு சித்தப்பா கிடையாது. எங்கள் சித்தப்பாக்கள் லாரி ஓட்டினார்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார்கள், ஊரில் ஆடு மாடு பார்த்தார்கள். ஆய்வகம் என்ற இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போக வீட்டில் யாரும் இல்லை. கூட்டிப்போகக் கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ராமன் 1934இல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் ஒன்றைப் பல வருடங்களாக நடத்துகின்றன. தேர்வாகும் மாணவர் நாட்டின் ஏதோ ஒரு ஆய்வகத்தில், ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம் வேலை செய்யலாம். மாதாமாதக் கணக்கில் உதவித்தொகை உண்டு, போய்வர ரயில் கட்டணத்துக்கும் பணம் உண்டு. கேட்பது மதிப்பெண் விவரம், எதில் வேலை செய்ய ஆசை என்று மாணவர் எழுதும் ஒரு சிறு குறிப்பு, ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், அவ்வளவே. அறிவிப்பு பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். கோடைக்கு ஆறு மாதம் முன்பே கதவு மூடிவிடும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏப்ரலில் தேட ஆரம்பிப்பார்கள்.

எனக்கும் தெரியாது. நான் படித்தது ஓர் அரசு கலைக் கல்லூரியில், ஊர் பேர் வேண்டாம். இரண்டாமாண்டில், டிசம்பர் மாதம் ஒருநாள் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கத் துறை அறைக்குப் போனேன். மேசைமேல் ஒரு போஸ்டர் நாலாக மடித்துக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் இன்டர்னல் மார்க் கூட்டிப் பார்த்திருந்தார்கள். பிரித்துப் படித்தேன். கடைசித் தேதி நவம்பர் 30. அன்று டிசம்பர் 4. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்று எங்கள் துறையில் நிரந்தரப் பணியில் மூன்று பேர். இரண்டு ஷிஃப்ட் வகுப்பு, பேப்பர் திருத்தும் வேலை, கல்லூரித் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான ஃபைல்கள். இன்று கௌரவ விரிவுரையாளர்கள் அதைவிட அதிகமாக இழுபடுகிறீர்கள், அதுவும் சொற்பச் சம்பளத்தில். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு காகிதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படாததால் என் பி.எஸ்சி. கோடை போனது, என் வகுப்பில் எல்லாருடையதும் போனது.

எம்.எஸ்சி. முதலாண்டில்தான் என்னால் போக முடிந்தது. பெங்களூருவில் ஓர் ஆய்வகம். பக்கத்து மேசையில் கொல்கத்தாவிலிருந்து வந்த பி.எஸ்சி. இரண்டாமாண்டுப் பெண். அவள் கல்லூரியில் வருடாவருடம் சீனியர்களே வகுப்புக்கு வந்து எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லிக்கொடுப்பார்களாம். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வழிகாட்டி எனக்குக் கொடுத்த வேலை, ஒரு புதிய பொருளின் மின்தடை குளிரக் குளிர எப்படி மாறுகிறது என்று அளப்பது. பழக்கதோஷத்தில் ஸ்டாண்டர்ட் வேல்யூ என்ன என்று கேட்டேன். இதை இதுவரை யாரும் அளக்கவில்லை, நீ அளந்து சொல்வதுதான் வேல்யூ என்றார். நான்கு வருடம் இயற்பியல் படித்த எனக்கு அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. பத்து நாள் ரீடிங் தாறுமாறாகக் குதித்தது. கருவி சரியில்லை என்று நினைத்தேன், பிறகு நான்தான் சரியில்லை என்று நினைத்தேன். மாதிரியை மறுபடி சூடாக்கிப் பார்த்தால் அளவு பழைய இடத்துக்கே திரும்பியது. அப்போதுதான் பிடிபட்டது. வெள்ளிப் பசை வைத்து ஒட்டியிருந்த நான்கு மெல்லிய கம்பிகளில் ஒன்று, திரவ நைட்ரஜனில் குளிரும்போது விரிசல் விட்டு விலகுகிறது, சூடானதும் ஒட்டிக்கொள்கிறது. பசையை மாற்றி ஒட்டினேன், அன்று ராத்திரி கோடு வழுவழுவென்று இறங்கியது. அந்தக் கிராஃபை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ‘நல்லா வந்திருக்கா பாப்பா?’ என்று மட்டும் கேட்டார்.

நம் பிராக்டிகல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். விடை முன்பே தெரியும். ரீடிங் ஒத்துவராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதிவிடுவோம், அல்லது போன வருட ரெக்கார்டைப் பார்ப்போம். பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. ஒத்துவராத ரீடிங்குக்கு அங்கே மார்க் கிடையாது. ஆனால் ஒத்துவராததில்தான் விஷயம் இருக்கிறது. மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது ராமனும் ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைக் கவனித்தார். 1906இல் ஃபிலாசபிகல் மேகசின் என்ற ஆங்கில ஆய்விதழில் வந்த அவருடைய முதல் கட்டுரை அதைப் பற்றியதுதான். அப்போது அவருக்கு 18 வயது. ஸ்பெக்ட்ரோமீட்டர் நம் லேபிலும் இருக்கிறது.

சரி, உங்களிடம் நான் என்ன கேட்கிறேன்?

செப்டம்பர் கடைசியிலேயே இரண்டாமாண்டு வகுப்பில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். போர்டில் ஒட்டுவது போதாது, வாயால் சொல்லுங்கள். முதல் பெஞ்சைப் பார்த்து மட்டும் சொல்லாதீர்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை, இது நமக்கில்லை என்று தானே முடிவு கட்டிக்கொள்ளும். ‘நீயும் போடு’ என்று பெயர் சொல்லிச் சொன்னால்தான் போடும்.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், கோடை மாணவர் விண்ணப்பங்கள் என் மேசைக்கும் வருகின்றன. நம் கல்லூரிகளிலிருந்து வரும் கடிதங்களில் பாதி நன்னடத்தைச் சான்றிதழ்தான். ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், ஆசிரியர்களுக்குக் கீழ்ப்படிபவர், கீழே சீல். ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து பேருக்கு ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு. அதை வைத்து எங்களால் யாரையும் எடுக்க முடிவதில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அபாரமானவளாக இருந்திருப்பாள் என்ற உறுத்தலோடுதான் அந்த ஃபைலை மூடி வைக்கிறேன்.

ஒரு கடிதம் மட்டும் மறக்காது. ஒரு கிராமப்புறக் கல்லூரி ஆசிரியை எழுதியது, ஆங்கிலம் சுமார்தான். பிராக்டிகலில் ஒருநாள், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் நிற்காமல் ஆடியதாம். மற்றவர்கள் அடுத்த மேசைக்கு மாறிப்போனார்கள். இந்தப் பெண் மட்டும் ஒயரைக் கழற்றி, டெர்மினலில் பிடித்திருந்த துருவைப் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டினாள், மணி அடித்தும் போகவில்லை என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் கடிதம். அந்தப் பெண்ணை எடுத்தோம். உங்களிடமும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுங்கள், அலங்காரம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது வருகைப் பதிவு. இரண்டு மாதத் திட்டம் என்றால் ஜூலை வரை இழுக்கும். அதற்குள் நம் கல்லூரிகள் திறந்துவிடும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும் என்று பயந்தே கையில் கிடைத்த இடத்தைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். என்.எஸ்.எஸ். முகாமுக்கும் என்.சி.சி.க்கும் விளையாட்டுக்கும் ஓ.டி., அதாவது வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் ஆன் டியூட்டி, கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். ஆய்வகத்துக்குப் போன பிள்ளைக்கும் அதே ஓ.டி.யைக் கொடுங்கள். விஞ்ஞானியின் கையெழுத்தோடு வருகைச் சான்று வாங்கி வரச் சொல்லுங்கள். கல்லூரி முதல்வர் இதைத் துறையின் பொறுப்பு என்பார், துறையோ, முதல்வரின் பொறுப்பு என்னும். நடுவில் தேதி போய்விடும். ஜனவரியிலேயே ஒரு கோரிக்கை எழுதி அனுமதி வாங்கி வைத்துவிட்டால் நல்லது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. தேர்வானவர்கள் போகாமல் போவதற்குப் பெரும்பாலும் வீடுதான் காரணம். எனக்கு அது நடக்கவிருந்தது. என் எம்.எஸ்சி. ஆசிரியை ஒருவர் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா வயலில் மோட்டார் பக்கத்தில் நின்று, காதைப் பொத்திக்கொண்டு பேசினார். ‘எங்க டீச்சர் தங்கும்? கூட யாரு இருப்பாங்க?’ ஹாஸ்டலில், இன்னும் பத்துப் பெண்களோடு என்று அவர் சொன்னார். ‘நீங்க சொன்னா சரி டீச்சர்’ என்று வைத்துவிட்டார். நான் இரண்டு வாரமாகக் கெஞ்சி நடக்காதது இரண்டு நிமிடத்தில் நடந்தது. உங்கள் வார்த்தைக்கு ஊரில் அந்த மதிப்பு இருக்கிறது. அதைச் செலவழியுங்கள்.

காசும் ஒரு தடை. கோடையில்தான் நம் பிள்ளைகள் துணிக்கடையிலும் பட்டறையிலும் வேலை செய்து அடுத்த செமஸ்டர் ஃபீஸைச் சேர்க்கிறார்கள். உதவித்தொகை கைக்கு வரும்முன் மெஸ் பில் வந்துவிடும். பழைய மாணவர்களிடம் கேட்டு, ஒருவருக்கு ஐந்தாயிரம் முன்பணமாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு சின்ன நிதி வைக்கலாம். என் பங்கை நான் தருகிறேன்.

இந்த ஒரு திட்டம் மட்டும் இல்லை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் நியஸ் திட்டம் இளநிலை மாணவர்களுக்கென்றே உள்ளது. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மையம், பி.எஸ்சி. தொடக்கத்திலேயே பிள்ளைகளைத் தேர்ந்து வேதியியலிலும் உயிரியலிலும் மூன்று கோடைகள் பயிற்சி கொடுக்கிறது. கணிதத்துக்கு எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி 1993 முதல் நடக்கிறது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறும் மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கான 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆய்வுக்கு என்று ஒதுக்கப்பட்டது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் வாசலைத் தாண்டித்தான் பல பிள்ளைகள் கல்லூரி பஸ்ஸில் போகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது கூட்டிப்போய்க் காட்டலாமே.

பதினைந்து நாளுக்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ‘இன்டர்ன்ஷிப்’ சான்றிதழ் கொடுக்கும் இடங்களைப் பற்றி எச்சரித்துவிடுங்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டிய பிள்ளையை எனக்குத் தெரியும். பையில் இருந்தது பளபளப்பான அட்டை ஒன்று. ஆனால் அவள் ஒரு பிப்பெட்டைக் கூடக் கையில் பிடித்திருக்கவில்லை.

கடைசியாக, உங்களுக்காக ஒன்று. மூன்று அகாடமிகளின் இந்தத் திட்டம் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். பிஎச்.டி. முடித்த பிறகு ஆய்வகம் பக்கமே போக முடியாமல் வகுப்பும் வேல்யுவேஷனுமாக வருடங்கள் ஓடிவிட்டன என்று உங்களில் பலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இந்த முறை உங்கள் மாணவி விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்று போடுங்கள். கடிதத்திலோ குறிப்பிலோ சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அரசு கலைக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவி