பல் பிடுங்கிய பிறகு என்ன சாப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு உணவைப் பற்றிச் சொல்லப்படுவது, பெரும்பாலும் "இரண்டு நாளைக்கு மிருதுவாகச் சாப்பிடுங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. என் தாயாருக்குக் கடைவாய்ப்பல் எடுத்தபோது கையில் கொடுத்த தாளோ ஆங்கிலத்தில் இருந்தது. அதில் கண்ட உணவுகளில் பாதி எங்கள் வீட்டில் என்றும் சமைக்காதவை. எதைத் தின்றால் என்ன ஆகுமோ என்று பயந்து, அவர் அன்று முழுவதும் ஆறிய காபியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டதால், மாலையில் வியர்த்து, கை நடுங்கி, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் இரத்தக்கட்டிதான் உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால், மருத்துவர்கள் 'டிரை சாக்கெட்' என்று சொல்லும் நிலை ஏற்பட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வரை பரவும் கடும் வலி வரக்கூடும். முதல் 24 மணி நேரம் சூடாக எதுவும் வேண்டாம், வாயைக் கொப்பளிக்க வேண்டாம், காறித் துப்ப வேண்டாம், உறிஞ்சிக் குடிக்க வேண்டாம் என்பதெல்லாம் இந்தக் கட்டியைக் காப்பதற்காகத்தான். காரணத்தைச் சொல்லிவிட்டால் எந்தப் பாட்டியும் தன் சமையலறையிலேயே விடை கண்டுபிடித்துவிடுவார். காரணம் சொல்லாததால்தான், இளநீர் நல்லது என்று வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் அதை ஸ்ட்ரா போட்டே கொடுக்கிறார்கள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் தீங்கில்லை. (சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இளநீருக்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.)

மரத்துப்போன உதடும் கன்னமும் உணர்வுக்குத் திரும்பும் வரை, அதாவது சில மணி நேரம், எதையும் மெல்லாமல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் கன்னத்தையே கடித்துக்கொள்ள நேரும். அதன் பிறகு, குழைய வடித்து ஆறவைத்த சாதத்தில் தயிர் விட்டுப் பிசைந்து, கடுகும் மிளகாயும் தாளிக்காமல் சாப்பிடலாம். கடுகு, எள், கறிவேப்பிலைத் துணுக்கு போன்றவை குழிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்பதால்தான் தாளிப்பு வேண்டாம் என்கிறேன். ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, இடியாப்பம், கடைந்த பாசிப்பருப்பு, மசித்த வாழைப்பழம், வேகவைத்து மசித்த முட்டை ஆகிய எல்லாம் நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பவை. புண் ஆறுவதற்குப் புரதம் தேவை என்பதால் பருப்பையும் முட்டையையும் கஞ்சியைவிடக் குறைவாக நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஐஸ்கிரீமைவிடக் குளிர்ந்த தயிரே பொருத்தம். வலி மாத்திரைகள் பலவற்றை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும் என்பதால், பட்டினி கிடப்பது எவருக்குமே ஆகாது.

முறுக்கு, வேர்க்கடலை, ஊறுகாய், காரக்குழம்பு ஆகியவற்றைச் சில நாள் தள்ளிவைக்க வேண்டும் என்பது சொல்லாமலே பலருக்கும் தெரியும். ஆனால் வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் உணவுக் கணக்கில் சேர்க்காத முதியவர்களிடம், அவற்றைப் பெயர் சொல்லியே தடுக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவுகளும் தனியார் மருத்துவர்களும், இவற்றைப் பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கத்தில் அச்சிட்டு மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அன்று எப்படிப் போடுவது, இரத்தம் நிற்காவிட்டால் எந்த எண்ணை அழைப்பது என்ற இரண்டையும் அதே தாளில் மருத்துவரே தம் கையால் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.