நீண்ட சுவரை இயந்திரத்திடம் கொடுத்தால்

ஆசிரியருக்கு,

கட்டட வேலைக்கு இயந்திரம் வந்தால் கொத்தனார் தொழிலே போய்விடும் என்கிறார்கள். ஆனால் முதலில் போவது சமதளமான, நீண்ட, ஒரே மாதிரி வேலைதான். டைபாட் இயந்திரம் பாலத் தளத்தில் பரப்பிய கம்பிகளைக் கட்டும். தூணும் பீமும் சேரும் நெருக்கத்தில் மனிதக் கைதான் நுழையும். செங்கல் அடுக்கும் ‘சாம்’ இயந்திரத்துக்கும் மூலை கட்டவும், பிதுங்கிய கலவையை வழிக்கவும் ஆள் வேண்டும்.

பூச்சைப் பாருங்கள். கலவையை இயந்திரம் வேகமாக அடித்துவிடும். ஆனால் செங்கல் காய்ந்திருந்தால் அது கலவையின் நீரை உறிஞ்சிவிடும்; பூச்சு பிடிக்காது, பிறகு தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ‘டொக்’கென்று ஒலிக்கும். சுவர் தூக்குக்கு, அதாவது நேர் செங்குத்துக்கு, 25 மி.மீ. விலகியிருந்தால் ஒரே தடவையில் நிரப்பக் கூடாது, தொய்ந்து வெடிக்கும். முதல் பூச்சு 12 மி.மீ.; அடுத்தது பிடிக்க, ஈரம் இருக்கும்போதே அதைக் கீறிவிட வேண்டும்; பிறகு மறுபூச்சு. தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை எனும் மெல்லிய கம்பிவலை. சுவரைத் தொட்டுப் பார்த்து இதை முடிவு செய்பவர் கொத்தனார்.

எங்கள் கவலை இதுதான்: சித்தாள் கரண்டி பிடித்துப் பழகுவதே அந்த நீண்ட சுவரில்தான். அது கைவிட்டுப் போனால் மூலை பிடிக்கும் கை எங்கிருந்து வரும்? இயந்திரம் இறக்கும் ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொரு தளத்திலும் ஒரு சுவரையாவது பழகுநர்களுக்கு ஒதுக்கட்டும்.

கட்டட மேற்பார்வையாளர்கள் சிலர்