மேடையும் வேட்பாளர் பட்டியலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன

தமிழ்நாட்டின் அனைத்துக் கட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. தேர்தல் பணிக்காகப் பல ஊர்களின் வாக்குச்சாவடிகளில் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிராளியை விமர்சிக்காதீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. ஆட்சியின் குறைகளைக் கிழித்துப் பேசுங்கள். ஊழல் நடந்திருந்தால் கணக்கோடு கேளுங்கள். வேட்புமனுவோடு கொடுத்த சொத்து விவரத்தைத் தெருமுனையில் நின்று வாசித்துக் காட்டுங்கள். அதெல்லாம் எங்களுக்கு வேண்டியதுதான். ஒருவருடைய பிறப்பு எப்படிப்பட்டது, ஒரு பெண் யாரோடு பழகுகிறார், இன்னொருவரின் மணவாழ்க்கை ஏன் முறிந்தது என்று பேசுவதையும், பேச ஆள் வைப்பதையும் நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். அதை நிறுத்தும் அதிகாரம் தேர்தல் ஆணையத்தைவிட உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தலை எண்ணிப் பாருங்கள். அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் அரசியல் வளர்ச்சியை முறைதவறிய பிறப்போடு ஒப்பிட்டு திமுகவின் ஆ. ராசா பேசினார். பழனிசாமி பிரசார மேடையிலேயே கண்கலங்கினார். அரசியலைத்தான் உவமையாகச் சொன்னேன் என்று விளக்கிய ராசா, பிறகு மன்னிப்பும் கேட்டார். ஏப்ரல் 1 அன்று ஆணையம் அவரை நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து நீக்கி, 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. பிரசாரமே ஏப்ரல் 4 மாலையோடு முடிய இருந்தது.

இது ஒரு கட்சியின் நோய் அன்று. 2019இல் ராம்பூரில் தன்னை எதிர்த்து நின்ற ஜெயப்பிரதாவைப் பற்றி இழிவாகப் பேசியதற்காகச் சமாஜ்வாதி கட்சியின் ஆசம் கானுக்கு 72 மணி நேரத் தடை. 2024இல் ஹேமமாலினியைப் பற்றிப் பேசிய காங்கிரசின் ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம். அதே தேர்தலில் மம்தா பானர்ஜியைப் பற்றிப் பேசிய பாஜக வேட்பாளர் அபிஜித் கங்கோபாத்யாய்க்கு 24 மணி நேரம். அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். ஆசம் கான் ராம்பூரில் வென்றார். கங்கோபாத்யாய் தம்லுக்கில் வென்றார். தடை முடிந்ததும் மேடை, தேர்தல் முடிந்ததும் பதவி என்றால், அடுத்து வருபவர் இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கத்தைப் பற்றி, உண்மை என்று தானே நம்பாத பொய்யைப் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. நிரூபித்தால் வெற்றியே செல்லாது. ஆனால் முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பேசியது வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களின் சம்மதத்தோடு இன்னொருவரோ என்று காட்ட வேண்டும். 1962இல் ராஜஸ்தானின் பியாவர் தொகுதியில், எதிர் வேட்பாளரைத் திருடர்களிலேயே பெரிய திருடன் என்று சொல்லும் கவிதை ஒரு தேர்தல் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வென்றவரின் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பு உறுதியாவதற்குள் அடுத்த பொதுத்தேர்தலே நெருங்கிவிட்டது. குற்றவியல் சட்டத்திலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆம் பிரிவு இந்தக் குற்றத்துக்கு வைத்திருப்பது அபராதம் மட்டும்தான்.

அதுவும் மைக் முன்னால் நின்று பேசியவருக்குத்தான். வதந்திக்குப் பேசியவர் யார்?

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஒன்றியத்தில் கவுன்சிலர் பதவிக்கு நின்ற பெண் என்னிடம் படித்தவர். கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தார். குடிநீர்க் குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் ஊருக்காக அலைந்தவர் என்பதால்தான் கட்சி அவரைத் தேடி வந்தது. வாக்குப்பதிவு நெருங்கிய ஓர் இரவில் வாசல்தோறும் ஒரு துண்டறிக்கை கிடந்தது. அச்சிட்டவர் பெயரில்லை, வெளியிட்டவர் பெயரில்லை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் பெயர் போடாமல் அச்சிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. ஆளைக் கண்டுபிடித்தால்தானே? விடிவதற்குள் அது படமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கணவர் ஊரில் இல்லாத வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்பதுதான் அதில் இருந்த ‘செய்தி’. வந்து போனவர்கள் தேர்தல் வேலை பார்த்த கட்சிக்காரர்கள்.

அவர் தோற்றார். அதனால்தான் தோற்றார் என்று யாராலும் நிறுவ முடியாது. ஆனால் மாமியார் மருமகளிடம் பேச்சை நிறுத்தியதும், ஒன்பதாம் வகுப்புப் படித்த மகள் பள்ளிக்குப் போக மறுத்து அழுததும் எனக்குத் தெரியும். அவருடைய கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிர்த் தரப்பு வேட்பாளரின் தம்பியைப் பற்றி அவர்களும் ஒன்றை எழுதிச் சுற்றவிட்டார்கள். இந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து நின்றவர்கள் யாரும் இல்லை. பிறகு ஒரு முறை கட்சி கேட்டபோது, நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தினீர்கள். நல்ல காரியம். 2021இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு வந்த பெண்கள் 12 பேர். தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்று இனி எந்தத் தலைவரும் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்து அவர்கள் வெளியே வரும்போது என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் நடவடிக்கை எடுப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடுத்த நடவடிக்கை நிலைப்பதில்லை. 2022 நவம்பரில், தன் கட்சியின் பெண் நிர்வாகியிடம் ஆபாசமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானதும் திருச்சி சூர்யாவைத் தமிழக பாஜக ஆறு மாதம் நீக்கிவைத்தது. அடுத்த ஆண்டே சேர்த்துக்கொண்டது. திமுக பேச்சாளர் சிவாஜி கிருஷ்ணமூர்த்தி, ஆளுநரைப் பற்றிய பேச்சுக்காக 2023 ஜனவரியில் இடைநீக்கம் ஆனார். சில மாதங்களில் திரும்பி வந்தார். ஜூனில் குஷ்புவைப் பற்றி இழிவாகப் பேசிக் கைதானார்; கட்சி மறுபடியும் நீக்கியது. ஜனவரியிலேயே கதவு உறுதியாக மூடியிருந்தால் ஜூன் மாதப் பேச்சுக்கு மேடை ஏது? கூட்டம் சேர்க்கிறார், கைதட்டல் வாங்குகிறார் என்பதற்காகத்தானே இப்படிப்பட்டவர்களை விட மனமில்லாமல் இருக்கிறீர்கள்?

ஆகவே என் கோரிக்கைகள் நடைமுறைக்கு உட்பட்டவை. தனிவாழ்க்கையைப் பற்றி அவதூறு பேசியவர் அந்தத் தேர்தல் முடியும் வரை எந்த மேடையிலும் ஏறக் கூடாது. அடுத்த தேர்தலில் சீட்டும் கிடையாது. வேட்பாளரே பேசினாலும் இதே விதிதான் என்று எழுதி, கையெழுத்திட்டு, பட்டியல் அறிவிக்கும் நாளிலேயே வெளியிடுங்கள். உங்கள் தகவல் தொழில்நுட்ப அணியினர் பரப்பினால் அணியின் பொறுப்பாளர் பதவி விலக வேண்டும். “அது எங்கள் அதிகாரப்பூர்வப் பக்கம் அல்ல” என்ற பதிலை நாங்கள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டோம்.

கடைசியாக ஒன்று. இதற்குச் சட்டமும் வேண்டாம், ஆணையமும் வேண்டாம். உங்கள் வேட்பாளர் ஒருவரைப் பற்றி இப்படி வதந்தி கிளம்பினால், அன்று மாலையே நீங்கள் அந்த ஊருக்குப் போய் அவருடைய பக்கத்தில் நின்று பேசுங்கள். உண்மையா என்று அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். வேட்பாளரை மாற்றலாமா என்று மாவட்டச் செயலாளரோடு ஆலோசிக்காதீர்கள். அவர் ஊருக்குச் செய்த வேலையைச் சொல்லி வாக்குக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒரு வாக்காளர்