எண்ணெயில் வெந்த பலகைகள்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஸ்டோ மலைக்குப் போயிருந்தபோது வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்குப் பலகைகளில் ‘ஹெட்’ என்று பொறித்திருந்ததைப் பார்த்து, “டென்னிஸ் மட்டை செய்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டிருந்தாய். விஷயம் நேர்மாறானது. பலகைதான் முதலில் வந்தது, மட்டை பிறகு வந்தது. அந்தப் பலகைக்கான எண்ணம் தோன்றியதும் நீ சறுக்கிப் பழகிய அதே வெர்மான்ட் மலையில்தான். பாலிடெக்னிக்கில் இத்தனை காலம் உலோகவியல் நடத்திய எனக்கு இந்தக் கதையில் தனி ஈடுபாடு உண்டு என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹவர்ட் ஹெட் 1914இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்துவிட்டு, பால்டிமோர் நகரில் கிளென் மார்ட்டின் விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1947 குளிர்காலத்தில் ஸ்டோவுக்குப் போய் முதன்முதலாகப் பனிச்சறுக்கில் இறங்கியவர், விழுந்து எழுந்ததே மிச்சமாகத் திரும்பினார். பழியைத் தன் கால்கள்மேல் போடாமல் பலகைகள்மேல் போட்டார். அன்றைய பலகைகள் ஹிக்கரி போன்ற கெட்டி மரத்தில் இழைத்தவை. நீளமும் கனமும் அதிகம். ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும். விமானம் கட்டுவதற்கே மரத்தைக் கைவிட்ட பிறகு பனிச்சறுக்குக்கு மட்டும் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது அவருடைய வாதம். கற்றுக்குட்டியின் திமிர் என்றுதான் அன்றைக்குக் கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவர் கையிலெடுத்தது விமானத் தொழிலில் பழகிய அடுக்கு முறை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எடை குறைந்த ஒரு பொருளை வைத்து ஒட்டினால், வளையும்போது மேல்தகடும் கீழ்த்தகடும் இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொள்ளும்; நடுப்பொருள் அவற்றை விலக்கி நிறுத்தினால் போதும். தகடுகளுக்கு இடையிலுள்ள தூரம் கூடக்கூட விறைப்பு பல மடங்கு கூடும், எடையோ அவ்வளவாகக் கூடாது. இவ்வளவும் என் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே தெரியும். ஒட்டுவதில்தான் சிக்கல் இருந்தது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். பசை அதைப் பிடித்து நிற்க வேண்டும், சூடும் அழுத்தமும் ஒரே சீராக எல்லா இடத்திலும் கிடைக்க வேண்டும்.

அதற்குரிய பெரிய அழுத்த இயந்திரம் வாங்க அவரிடம் பணமில்லை. சீட்டாட்டத்தில், அதாவது போக்கரில், ஜெயித்துச் சேர்த்த 6,000 டாலர்தான் முதலீடு. (உன் அப்பா இதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டும்.) 1948இல் வேலையை விட்டுவிட்டு, பால்டிமோரில் ஒரு பழைய குதிரை லாயத்தின் மூலையை வாடகைக்குப் பிடித்தார். அடுக்கி வைத்த பலகையை ரப்பர் பைக்குள் போட்டு, உள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பார். வெளிக்காற்றின் அழுத்தமே பலகையை எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கும். பிறகு அந்தப் பையை, கார் எஞ்சின்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் கொதிக்கும் தொட்டியில், பலகாரம் பொரிப்பதுபோல இறக்குவார். பசை அந்தச் சூட்டில் இறுகிவிடும். அந்த எண்ணெய்ப் புகை நாற்றத்தில் எப்படித்தான் நின்றாரோ! ஆனால் முறையில் குறையே இல்லை. இன்றும் கண்ணாடியிழை போன்றவற்றைப் பிசினோடு சேர்த்துச் செய்யும் இழைக்கலவைப் பொருள்களை வெற்றிடப் பைக்குள் வைத்துத்தான் பல இடங்களில் இறுக்குகிறார்கள்.

இப்படிச் செய்த முதல் ஆறு ஜோடிகளை ஸ்டோவிலிருந்த பயிற்றுநர்களிடம் கொடுத்தார். ஆறும் ஒடிந்தன. வேறொருவராக இருந்தால் மார்ட்டின் நிறுவனத்துக்கே திரும்பியிருப்பார். இவரோ ஒடிந்த இடத்தைப் பார்த்து, அந்த ஒரு குறையை மட்டும் திருத்தி, அடுத்த ஜோடியை அனுப்பினார். அது வேறோர் இடத்தில் தோற்றுத் திரும்பியது. நடுவிலிருந்த தேன்கூட்டு அமைப்பு தாங்காதபோது ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், வந்தது. ஆக, விரட்டிய மரத்தையே உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். அடித்தகட்டில் பனி உறைந்து ஒட்டியபோது பிளாஸ்டிக் அடிப்பரப்பு வந்தது. அலுமினிய விளிம்பு உறைபனியைப் பிடிக்காமல் வழுக்கியபோது எஃகு விளிம்பு வந்தது. மூன்று குளிர்காலங்கள், ஏறக்குறைய 40 வடிவங்கள். 1950இல், நியூ ஹாம்ப்ஷயரின் டக்கர்மன் ராவின் என்ற செங்குத்துச் சரிவில், ஒரு ஜோடி கடைசியில் சொன்னபடி கேட்டது.

‘ஹெட் ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்ததும், தேர்ந்தவர்கள் அதை ‘ஏமாற்றுப் பலகை’ என்று கேலி செய்தார்கள். திறமை இல்லாதவனையும் அது லாவகமாகத் திரும்ப வைத்துவிடுகிறதாம். கேலியே விளம்பரமாகிப் போனது. 1960களில் அமெரிக்காவின் மிகப் பெரிய பனிச்சறுக்குப் பலகை நிறுவனமாக அது வளர்ந்தது.

எனக்கு வியப்பாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. 1960 ஒலிம்பிக்கில் பிரான்சின் ழான் வுவார்னே, ரொசின்யோல் நிறுவனம் செய்த உலோகப் பலகையில் இறங்கி, டவுன்ஹில் என்ற அதிவேகச் சரிவுப் பந்தயத்தில் தங்கம் வென்றார். உலோகம் பந்தயத்திலும் வென்றுவிட்டது என்றே தோன்றியது. அதே பத்தாண்டில் ஐரோப்பியர்கள் கண்ணாடியிழைக்கு மாறத் தொடங்கினார்கள். குறுகிய வளைவுகளில் அது துள்ளலோடு திரும்பியது. ஹெட்டோ உலோகத்தை விடவில்லை. அதிர்வைக் குறைக்கத் தகடுகளுக்கு இடையே ரப்பர் அடுக்கு வைத்துப் பார்த்தார். மரத்தைத் தூக்கியெறியத் துணிந்த அதே மனிதர் அலுமினியத்தை விட முடியாமல் தயங்கியதைப் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். 40 முறை உடைத்துக் கட்டிய பொருளின்மேல் ஒருவருக்கு வரும் பற்று அது. 1969இல் நிறுவனத்தை ஏ.எம்.எஃப். என்ற அமெரிக்கத் தொழில் குழுமத்துக்கு 1.6 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்.

ஓய்வுக்காலத்தில் டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போனார். அதுவும் சரியாக வரவில்லை. இம்முறையும் பழி கருவியின்மேல்தான். பந்து வீசும் இயந்திரம் செய்துவந்த பிரின்ஸ் நிறுவனத்தில் பங்கு வாங்கிச் சேர்ந்து, தலை அகன்ற பெரிய மட்டையை உருவாக்கி, 1976இல் காப்புரிமை பெற்றார். 1978இல் 16 வயது அமெரிக்க வீராங்கனை பாம் ஷ்ரைவர் அந்த மட்டையோடுதான் யு.எஸ். ஓபன் இறுதிப் போட்டி வரை போனார். அவர் விற்ற பழைய நிறுவனமும் அப்போது மட்டை செய்துவந்ததால், தன் பெயரைத் தாங்கிய ஹெட் மட்டைகளோடு தானே கடைவீதியில் போட்டியிட்ட விசித்திரம் அது! 1991இல் ஹவர்ட் ஹெட் காலமானார்.

நிறுவனம் பின்னர் பல கை மாறி, இன்று ஆஸ்திரியாவின் கென்னல்பாக்கை மையமாகக் கொண்டிருக்கிறது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் டவுன்ஹில் தங்கம் வென்றது ஹெட் பலகைகளில்தான். பந்தயப் பலகைகளில் இன்றைக்கும் மர நடுப்பகுதிக்கு மேலும் கீழும் டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகட்டை ஒட்டுகிறார்கள். கண்ணாடியிழையும் கூடவே இருக்கிறது. அடுத்த முறை வாடகைக்கு எடுக்கும்போது எஃகு விளிம்பில் துரு ஏறியிருக்கிறதா, அடிப்பரப்பு எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கு. தலைக்கவசமும் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா