காஸ்தா ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஞானஸ்நானப் பதிவேடு

காஸ்தா ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். காஸ்தா என்பது ஸ்பானிய ஆட்சியில் கலப்பு வம்சாவளியினரைக் குறித்த பெயர். 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் வரையப்பட்ட இந்தப் படங்களுக்குக் கீழே பல இடங்களில் ஒரே மாதிரி குறிப்புதான் இருக்கிறது: ஸ்பானிய ஆட்சியில் மக்கள் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்று. பார்க்க வருபவரும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். அந்தக் குறிப்பை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

ஒரு தொகுப்பில் பெரும்பாலும் பதினாறு படங்கள். ஒவ்வொன்றிலும் அப்பா, அம்மா, பிள்ளை. ஸ்பானியருக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தது மெஸ்திசோ, ஸ்பானியருக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்தது முலாத்தோ என்று படத்திலேயே எழுதியிருக்கும். வரிசையில் கீழே போகப் போகப் பட்டும் சரிகையும் குறைந்து கந்தல் துணி வரும். ஆந்திரெஸ் தெ இஸ்லாஸ் 1774இல் வரைந்த நான்காவது படத்தைப் பாருங்கள். சமையலறை. கறுப்பினப் பெண் ஸ்பானியக் கணவனின் முடியைப் பிடித்து இழுத்து, சாக்லேட் கடையும் மத்தை ஓங்குகிறாள். மகள் தாயின் பாவாடையைப் பிடித்துத் தடுக்கிறாள். யாருடைய இரத்தம் கலந்தால் வீட்டில் அடிதடி வரும் என்று ஓவியர் முன்பே முடிவு கட்டிவிட்டார். இதை அன்றாட வாழ்க்கையின் பதிவு என்று எப்படிச் சொல்வது?

இதே ஊர்களில் பங்குச் சாமியார்கள் ஞானஸ்நானப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானியருக்குத் தனிப் புத்தகம், மற்றவர்களுக்கு வேறு. அதிலும் பிரிவினை உண்டுதான். பூர்வகுடிகளும் சுதந்திரக் கறுப்பினத்தாரும் தலைவரி கட்ட வேண்டியிருந்ததால் எந்தப் புத்தகத்தில் பெயர் ஏறுகிறது என்பது காசு விஷயமும்கூட. ஆனால் ‘அந்தரத்தில் நில்’, ‘உன்னைப் புரியவில்லை’ என்று ஓவியத்தில் வரும் விசித்திரப் பிரிவுகளை அங்கே காண்பது அபூர்வம். ஏழெட்டுப் பெயர்களுக்குள் சாமியார் வேலையை முடித்துவிடுவார். ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒன்றாகவும் கல்யாணத்தில் வேறொன்றாகவும் பதிவானதும் உண்டு. விடுதலைப் போராட்டத் தலைவர் மொரேலோஸுக்கு ஆப்பிரிக்க வம்சாவளி உண்டு என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1765இல் அவர் ஸ்பானியர் என்றே பதிவானார். அவர்தான் 1810இல், இனி இந்தியர் (அதாவது அந்நாட்டுப் பூர்வகுடிகள்), முலாத்தோ, காஸ்தா என்ற பெயர்களே வேண்டாம், எல்லோரும் அமெரிக்கர் என்று அறிவித்தார்.

படங்கள் யாருக்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல தொகுப்புகள் அதிகாரிகளோடு ஸ்பெயினுக்குக் கப்பலேறின. பெரு நாட்டுத் தொகுப்பை 1770இல் வைஸ்ராய் அமாத் அனுப்பியதே ஸ்பானிய இளவரசரின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்புக்காகத்தான். லூயிஸ் தெ மேனா 1750 வாக்கில் வரைந்த படத்தில் மேலே குவாதலூப்பே மாதா, நடுவில் எட்டுக் குடும்பங்கள், கீழே நாட்டுப் பழங்கள். மனிதர்களும் பழங்களும் ஒரே துணியில், தூரத்து எஜமானர் பார்த்து ரசிக்க.

இது எங்களுக்கும் பழக்கமான வியாபாரம். கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் சாதிவாரியாகக் கணவன் மனைவியை ஜோடி ஜோடியாக நிறுத்தி, கையில் தொழிற்கருவியைக் கொடுத்து வரைந்தார்கள். கலப்புப் பிள்ளை மட்டும் அதில் கிடையாது. இன்றும் அவற்றைக் காட்டி, முன்னோர் இப்படித்தான் இருந்தார்கள் என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். வாங்கியவர் கண்ணுக்கு ஏற்ப நிற்கவைத்த ஜோடிகள் என்று யாராவது பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சு பாதி குறைந்திருக்கும்.

ஆகவே கேட்பது இதுதான். படத்தின் அருகே அதே காலத்துப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை, நகலாகவாவது, வையுங்கள். அப்புறம், நான்காவது படத்தை மட்டும் தனியே மாட்டாதீர்கள். முதல் படத்தின் பட்டுச் சட்டையைப் பார்த்துவிட்டு வருபவருக்குத்தான் அந்த மத்து ஏன் ஓங்கியிருக்கிறது என்று சந்தேகம் வரும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்